நேற்று என்ன கனவு

லோரோங் கூலிட் சந்தை, ஞாயிறு, ஏழரை மணி.
துருப்பிடித்த மிக்சிக்கும் கழுத்தொடிந்த காற்றாடிக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர்.
ஆப்பிளைப் பார்த்துத் தைவானில் அடித்த நகல்.
மூடியில் வேறேதோ பழம், பாதி உரிந்து.
டிரைவ் ஒன்று, வட்டு ஒன்றே ஒன்று,
நூற்றெண்பது வெள்ளி.
ஓடாவிட்டால் என்னைத் தேடாதே என்றான் ஆ செங்.

ரைஃபிள் ரேஞ்சில் லிஃப்ட் பழுது.
பதினோரு மாடியும் இடுப்பில் வைத்து ஏறினேன்.

முதல் முறை சுவிட்சைத் தட்டியதும்
வீடெல்லாம் பெலாச்சான் கருகிய நாற்றம்.
உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வெடித்திருந்தது.
பாயான் லெப்பாசில் இரவு ஷிப்டில்
சில்லு சோதிப்பவளுக்கு அதை மாற்ற இருபது நிமிடம்.

இரண்டாம் முறை
டிரைவின் தலை சுவரில் முட்டி முட்டித்
தன் இடத்தைத் தேடியது, டிர்ர்ர்ர்,
இருட்டில் காலால் துழாவிச் செருப்பு தேடுபவர் மாதிரி.
பிறகு மௌனம். இமைக்கும் ஒரு கட்டம்.
கேட்டலாக் என்று அடித்தேன்.
தொகுதி 254. கோப்புகள் மூன்று.
மூன்றின் முன்னும் பூட்டின் நட்சத்திரம்.

உறையில் நீல மையில்
ஜாங்ஙான் பாடாம்.
அதன் கீழே, அழிக்காதே.
சீனத்தில் இருந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.
எழுத விடும் வெட்டின் மேல் வெள்ளி டேப்.

ரன்.
மிம்பி அபா செமாலாம் என்றது. நேற்று என்ன கனவு?
யாரோ ஒருவர், எண்பத்து நாலிலோ ஐந்திலோ,
பாம்பு, பல், பிணம், மாமியார் என்று
முந்நூறு கனவுக்கு நாலு நம்பர் கட்டி வைத்திருந்தார்.
மாமியாருக்கு 4410.
பிணத்துக்கு அதைவிடச் சின்ன எண்.
நான் இரவில் தூங்குவதில்லை.
எதுவும் அடிக்காமல் நிறுத்தினேன்.

எனக்கென்று ஒரு வட்டு வேண்டும்.
இருப்பதோ இது. ஆனால் பின்பக்கம் காலி.
காகிதத்தில் அளவெடுத்து, மறு ஓரத்தில்
நகவெட்டியால் ஒரு சதுரம் கடித்தெடுத்தேன்.
கொஞ்சம் தவறினால் உள்ளே சுழலும் கறுப்புத் தோல் கிழியும்.
வட்டை வெளியே எடுத்த பிறகும்
டாஸ் நினைவில் நின்றது,
கரண்ட் இருக்கும் வரைக்கும்.
ஆயர் ஈத்தாம் பக்கம் இடி.
எதிர் பிளாக்கில் துணிக்கம்புகளை உள்ளே இழுத்தார்கள்.

திருப்பிப் போட்டேன்.
முதலில் ஒரு ஹலோ எழுத வேண்டும்,
அதில்லாமல் வட்டு பிறக்காது.
பத்தாம் வரி: பிரிண்ட், விமலசுந்தரி.
எல்லாம் பெரிய எழுத்து, கத்திக் கூப்பிடுவது போல.
இனிட் ஹலோ.
சிவப்பு விளக்கு. இடி. முப்பத்தைந்து வளையம்.
விளக்கு அணைந்தது; வீட்டு விளக்கு அணையவில்லை.

திங்கள் காலை ஷிப்ட் முடிந்து படுத்தேன்.
லிஃப்ட் திறக்கிறது, உள்ளே கடல்,
முழங்கால் அளவு. எங்கோ ஃபெர்ரி ஊதுகிறது.
எந்த மாடி என்று யாரும் கேட்கவில்லை.

எழுந்ததும் அவர் பக்கத்தைப் போட்டேன்.
மிம்பி அபா?
லிஃப்ட்.
தியாடா, இல்லை என்றது.
தரைவீட்டுக்காரர் போலிருக்கிறது.

அழிக்காதே என்றுதான் எழுதியிருக்கிறது.
சேர்க்காதே என்று எந்த மொழியிலும் இல்லை,
சீனத்தில் எப்படியோ.

டேப்பை உரித்தேன். அன்லாக்.
2310ஆம் வரி: டேட்டா, லிஃப்ட்,
கதவில் ஒட்டியிருக்கும் பழுது எண்ணின் கடைசி நான்கு.
சேவ். லாக்.
பழைய டேப் மறுபடி பிடிக்கவில்லை.
கைக்காயத்துக்கு வைத்திருந்த பிளாஸ்திரியை ஒட்டினேன்.