ஆனைக்கல் வழியாக வந்த படம்

இருநூற்றறுபது அடி இறக்கியும்
ஈரமண்கூடத் தராத போர்க்குழாயை
உருவி எடுத்துக்
கூரைமேல் நட்டோம்.
கீழே கிடைக்காதது மேலே கிடைக்குதா
பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர்.
மாதேவனுக்கு எதிலும் ஒரு கணக்கு உண்டு:
குழாய் வீணாகக் கூடாது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து மொபெட்டில் வந்தார்
ரேடியோ கடை சமியுல்லா.
பதினொரு குச்சி ஆன்டெனா,
பட்டை ஒயர் பதினைந்து மீட்டர்,
கூலி எழுபது, டீ தனி.
பெங்களூர் பக்கம் பார்த்துக் கட்டினார்.
பெங்களூருக்கும் எங்களுக்கும் நடுவில்
ஒரு மலை.

"வந்துச்சா?"
"இல்ல."
"இப்ப?"
"இரைச்சல் வந்துச்சு."
"இப்ப?"
"யாரோ தலை மாதிரி... போயிருச்சு."

பொழுது சாயும்வரை
ஜன்னலில் நின்று கத்தியவள் நான்.
தொண்டை கட்டியதுதான் மிச்சம்.
"மலை மறைக்குதும்மா,
சிக்னல் என்ன ஆடா, ஏறி இறங்கி வர?"
எழுபதை வாங்கிக்கொண்டு போனார்.
டீயைக் குடிக்கவில்லை,
அந்த மட்டும் நல்ல மனுஷன்.

மூன்று வாரம் அதன்மேல்
காக்கை உட்கார்ந்தது,
நான் துணி காயப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை,
எதற்கென்று இப்போது நினைவில்லை,
எங்களுக்குள் சண்டை.
வேண்டுமென்றே டிவியைப் போட்டு
அந்த இரைச்சலையே பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தார் அவர்.
விறுவிறுவென ஏணியில் ஏறி
குழாயை இரண்டு கையாலும் பிடித்து
பெங்களூருக்கு முதுகைக் காட்டித் திருப்பினேன்,
தெற்கே,
ஒன்றுமே இல்லாத பக்கம்,
ஆனைக்கல் பாறை மட்டும் நிற்கிற பக்கம்.

உள்ளே யாரோ கன்னடத்தில்
செய்தி வாசித்தார்கள்.

தலைக்குமேல் போகிற அலை
அந்தப் பாறையில் மோதித் திரும்புதாம்,
கிணற்றில் கூப்பிட்டால் திரும்புமே அப்படி.
சமியுல்லா பிறகு வந்து சொன்னார்.
"கூலியை நான்தான் உங்களுக்குத் தரணும்" என்றார்.
தரவில்லை.

கல் வழியாக வந்ததால்
எல்லோருக்கும் கூடவே ஒரு நிழல்.
செய்தி வாசிப்பவளுக்கு நாலு கண்.
மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு மாப்பிள்ளை.
இரண்டு பந்து வரும்,
எதை அடிப்பதென்று
அவனுக்குத் தெரிந்திருந்தது.
கன்னடம் எங்களுக்குப் பாதி புரியும்,
மீதியைக் கெம்பம்மா சொல்வாள்,
சில நாள் கொஞ்சம் சேர்த்தும் சொல்வாள்.
மழை நனைத்த ராத்திரிகளில்
பாறை மினுங்கும். படமும்.

மாசியில் ஆனைக்கல்லைக்
குவாரிக்குக் குத்தகை எடுத்தார்கள்.
மத்தியானம் ஒன்றரைக்கு வெடி.
தட்டில் இருக்கும் களி ஒருமுறை நடுங்கும்.
வீட்டுக்காரருக்கு அங்கேயே டிரில்லர் வேலை,
நாளுக்குத் தொண்ணூறு.
சனிக்கிழமைதோறும் பணம் என்பதை
அப்போதுதான் பார்த்தேன்.
கம்மலை மீட்டோம்.

பாறையின் இடத்தோள் போன வாரம்
அவளுடைய நிழல் போனது.
"நல்லதாப் போச்சு, தெளிவா இருக்கு" என்றார்.
ஆடியில் நெற்றி உடைந்தது.
அவளும் மங்கினாள்,
இரைச்சலுக்குள்ளிருந்து
குரல் மட்டும் செய்தி சொன்னது.

புருவமெல்லாம் கல்மாவோடு வந்து
சாப்பிட உட்கார்ந்தவர் கேட்கிறார்:
"ஏன் இவ்ளோ புள்ளி அடிக்குது?
ஏறிக் கொஞ்சம் திருப்பிப் பாரேன்."

அவருக்குத் தெரியாதா என்று
ஒரு நிமிஷம் முகத்தைப் பார்க்கிறேன்.
குழம்பை ஊற்றிவிட்டு ஏறுகிறேன்.
நிலா வெளிச்சத்தில்
வெட்டுப்பட்ட பக்கம்
சோறு மாதிரி வெள்ளையாய் இருக்கிறது.
குழாயைப் பிடிக்கிறேன். இன்னும் சூடு.

"வந்துச்சா?"

கொஞ்ச நேரம் பதிலில்லை.

"வந்துருச்சு. அப்படியே நில்லு.
கையை மட்டும் எடுத்துராத."