மஞ்சள் கோடு

மூன்றாம் அறையில் மாதி
அயோடின் குடித்துத் தனியாகக் கிடக்கிறாள்.
அவள் கழிப்பதெல்லாம் குழாய்வழி
கீழ்த்தளத்தில் என்னிடம் வருகிறது,
எண் போட்ட தொட்டிக்கு.

பம்பை முடுக்குகிறேன். பதினெட்டு பார்.
சவ்வு தண்ணீரை விடுகிறது,
மற்றதை நிறுத்திக்கொள்கிறது.
கடைசியில் ஒரு வாளி மிச்சம்.

சவ்வு எதையும் அழிக்காது, பிரிக்கும்,
அவ்வளவுதான்.
அழிக்கிற வேலை நாட்களுடையது:
எட்டு நாளில் பாதி,
அடுத்த எட்டில் அதில் பாதி.
பூஜ்யம் விழும் தேதி
எந்தக் காலண்டரிலும் இல்லை.

மதியம் கோத்தகிரி பஸ்ஸில் மகன் வந்தான்.
ஸ்வெட்டரெல்லாம் பனி ஈரம்.
மஞ்சள் கோட்டில் நின்று
“அவ்வே, எருமை கன்னு போட்டிருச்சு!”
என்று கத்தினான்.

குரல் உள்ளே போயிற்று.
அவன் கோட்டிலேயே நின்றான்.

அழுத்தமானியைப் பார்க்க வேண்டும் என்று
நான் கீழே இறங்கிவிட்டேன்.
முள் பதினெட்டில்தான் இருந்தது.