பாதி உண்மை

இஞ்சியோன். இரவு இரண்டே கால்.
கடைக் கண்ணாடிக்கு வெளியே பனி.
மூடியைப் பாதி கிழித்து
வெந்நீர் ஊற்றுகிறாள் கியூரி.
மாத்திரையை முன்பே விழுங்கியாயிற்று.

புளித்தது கூடாது, ஊறியது கூடாது
என்று மருத்துவர் எழுதித் தந்த தாள்,
அவள் அம்மா வீட்டுச் சமையலறையை
அப்படியே அடித்துவிட்டிருந்தது.

முதல் வாய்.
உதட்டில் எரிவது மிளகாய்,
அது எல்லோருக்கும்தான்.
காது மடலில் ஏறுவது வேறு சூடு.
கழுத்தில் தடிப்புகள்
பெயர் கூப்பிட்டதுபோல்
ஒவ்வொன்றாய் எழுந்திருக்கின்றன.
மூக்கு ஒழுகுகிறது.

கல்லாவிலிருந்து டோங்குக்:
"அழுகிறீர்களா?"
"காரம்."
பாதி உண்மை.
மீதியைச் சொறிந்துகொள்கிறாள்.

இதுதான் கடைசி என்கிறாள்,
அடியில் ஒட்டிய ஒற்றை இழையைக்
குச்சியால் துரத்திக்கொண்டே.