பத்து மணி பத்து நிமிடம்

தோலை முந்தின இரவே நனைத்துவிட வேண்டும்.
பிளாஸ்டிக் பையில் சுற்றி
ஃபிரிட்ஜில் வைப்பேன், பாலுக்கும் மான்கறிக்கும் நடுவே.
ரோஸ்கோ ஒருமுறை சீஸ் என்று எண்ணி
ஓரத்தைக் கடித்தே விட்டான்.
இருபத்தாறு வருடக் கல்யாணத்தில்
அன்றைக்குப் போல நான் சிரித்ததில்லை.

காலையில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்.
ஜில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது.
நிறம் பாதி வெளுத்து வரும்போதுதான் பதம்.
ஈரம் கூடினால் அச்சு
சேற்றில் மாடு மிதித்த மாதிரி பரவும்.
காய்ந்துவிட்டால் சுத்தியல் துள்ளும், தோல் மசியாது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம்.
எண்களை முதலில் அடித்துவிட வேண்டும்.
பூவில் தொடங்கினால்
பூ இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும்.
என் முதல் கடிகாரத்தில் பதினொரு மணிதான்.
அதை நாத்தனாருக்குக் கொடுத்தேன்.
அவள் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்புறம் கத்தி.
காட்டுரோஜாவுக்கு ஐந்து இதழ், இதழுக்கு ஒரே இழுப்பு.
கை நடுங்கினால் நடுங்கியதுதான்;
தோலை அழிக்க ரப்பர் கிடையாது.
இதழோரம் தட்டித் தட்டித் தாழ்த்தினால்
பூ தானே மேலே வருகிறது.
பூவை நான் தொடுவதே இல்லை,
அதைச் சுற்றியிருப்பதைத்தான் அமுக்குகிறேன்.

ஆகஸ்டில் மைல்ஸ் சிட்டி சந்தையில்
பதினெட்டுக் கடிகாரங்கள், எல்லாம் பத்து பத்தில்.
அப்போதுதான் முட்கள் இரண்டும் மேலே ஒதுங்கி
கீழே ரோஜாவுக்கு வழிவிடும்.
பேட்டரியைக் காகிதத்தில் மடித்துத் தனியாகக் கொடுப்பேன்.
தோரா ஹால்வர்சன் முப்பத்திரண்டு டாலரை
ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்,
கடைசி இரண்டு சில்லறையாக.

பிப்ரவரியில் ஐனர் போனார்.
கறியும் உருளைக்கிழங்கும் சுட்ட பாத்திரத்தோடு
நாற்பது மைல் ஓட்டிப் போனேன், ஜன்னலெல்லாம் பனி.
அடுப்புக்கு மேலே என் கடிகாரம்.
பத்து பத்து.
ஆறு மாதமாகப் பத்து பத்து.

"கன்று போடும் பருவத்தில் போய்விட்டார்," என்றாள்.
"அலாரம் வைத்ததே கிடையாது.
ராத்திரி இரண்டரைக்குத் தானாக எழுந்து
டார்ச்சை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவார்.
இப்போது தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான்."

அவள் காபிக்குத் தண்ணீர் பிடிக்கத் திரும்பினாள்.
என் பையில் எப்போதும் ஒரு பேட்டரி இருக்கும்.
விரல் சும்மா இருக்கவில்லை.
போட்டேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பினேன்,
மூன்று இருபது.
டிக் என்றது. எனக்குத் திருப்தி.
தோரா கோப்பையை வைத்துவிட்டு
நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள்.

பதினோராம் நாள் தபாலில் ஒரு உறை.
ஃபிளானல் துணித் துண்டில் பொதிந்து
பிள்ளைப் பல்லை அனுப்புவது போல
என் பேட்டரி.
கூடவே ஒரு வரி:
பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன்,
இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்.

முதலில் கோபம்தான் வந்தது.
ஓடாத கடிகாரத்துக்கு நான் எதற்கு?
பெல்ட்டில் அடித்திருப்பேனே அந்த ரோஜாவை.
ரோஸ்கோ வாயில் ரொட்டியோடு சொன்னான்:
"அவள் பூ வாங்கினாள், வெர்லா.
நீதான் கடிகாரம் விற்றாய்."

மார்ச் கடைசியில் போனேன்.
சாலையோரம் பனி கறுத்துக் கிடந்தது.
பாத்திரத்தில் ருபார்ப் ஜாம் ஒரு பாட்டில்,
மூடியில் அவள் கையெழுத்தில் போன வருடம்.
வாசலிலேயே கொடுத்துவிட்டாள்.
அவள் தோளுக்கு மேலாக அடுப்படி தெரிந்தது.
ரோஜா அங்கேதான் இருந்தது.

முட்களை அவள் பத்து பத்துக்குத் திருப்பி வைக்கவில்லை.
இரண்டு நாற்பது.
பகலா ராத்திரியா என்று முள்ளில் தெரியாது.
நான் கேட்கவும் இல்லை.

வழியெல்லாம் பக்கத்து சீட்டில்
பாட்டில் பாத்திரத்தில் மோதிக்கொண்டே வந்தது.
டெர்ரி பாலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி
இரண்டுக்கும் நடுவில் என் கையுறையைச் செருகினேன்.