பச்சை மை

நாலு மைக்குரோன் தடிப்பில் சீவுகிறேன்.
மெழுகுக் கட்டிக்குள் ஏழாலைக் கமலாசனி,
வயது ஐம்பத்தொன்று, இடது மார்பு.
வெட்டின விளிம்பு தெரிய
நாலு பக்கமும் நாலு நிற மை.

சுடுநீரில் போட்டதும் சீவல் சுருங்கி
பிறகு மனம் மாறி விரிகிறது.
சாயம் ஏற்றினால்
ஊதாவும் இளஞ்சிவப்புமாய் ஒரு குறிச்சி.

பெரியாஸ்பத்திரி வாட்டில் எல்லாரும் போர் என்கிறார்கள்.
போராடுங்கோ அக்கா, வெல்லுவியள்.
போரை நான் பார்த்தவன்.
அதற்குச் சத்தம் இருந்தது.

இதில் பிழைத்துப்போன கலம் ஒன்று
பக்கத்து நார்க்கலத்திடம் ஏதோ சொல்லியிருக்கிறது.
காயம் என்று சொல்லியிருக்கும்.
அதுவும் நம்பி, பாவம்,
ஆறாத காயத்துக்கு
இழை இழையாய்ப் பின்னிக்கொண்டே இருக்கிறது.
கல்லுப் போல கிடக்கு என்று அவ சொன்னது
இந்தப் பின்னலைத்தான்.

தின்ன வந்த தின்குழியங்கள்
தின்னாமல் தங்கிவிட்டன.
இப்ப அவைக்கு வழி துப்புரவாக்குகிற வேலை.
நிணநீர்க் கலங்கள் மட்டும்
மதிலுக்கு வெளியே குவிந்து நிற்கின்றன,
படலை திறவாத செத்தவீட்டுக்கு முன்னால்
சனம் நிற்பது மாதிரி.
குருதிக்கலன்கள் அவசரத்தில் கட்டினவை,
வளைந்து, ஒழுகி.
நடுவில் காற்றுப் போகாத இடம் செத்துக் கிடக்கிறது.
செத்ததைச் சுற்றித்தான் பெருக்கம் கூட.

இடையில் கறண்ட் போய் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவவே றிப்போட் எடுக்க வந்தா.
மகனுக்கு லீவு இல்லையாம்.
"தம்பி, ஒருக்கால் நான் பாக்கலாமோ?"
சட்டத்தில் இடமில்லை. கதிரையை இழுத்துவிட்டேன்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்
கனநேரம் குனிந்திருந்தா.

"எங்கட தோட்டக் கிணறு மாதிரி" எண்டா.
"வெங்காயத்துக்கு எண்டு எல்லாரும் மெசின் போட்டு
ராப்பகலாய் இறைச்சம்.
ஒருநாள் வாயில வைச்சால் உவர்.
கடல் வந்ததை ஒருத்தரும் காணேல்லை.
கல்லுக்குள்ளால வந்தது,
நாங்கள் விட்ட இடத்துக்கு."

பிறகு?

"பிறகென்ன, இறைப்பைக் குறைச்சம்.
ரெண்டு மாரி போச்சுது.
இப்ப குளிக்கலாம். குடிக்கேலாது."

றிப்போட்டில் மூன்று பக்கம் விளிம்பு சுத்தம்.
பச்சை மைப் பக்கம் ஒரு மில்லிமீற்றர்.
அந்த ஒரு மில்லிமீற்றருக்குள்
கொஞ்ச நார்க்கலங்கள் நின்றன,
பின்னுவதா விடுவதா என்று
இன்னும் ஒருவரும் வந்து கேட்காதவை போல.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தவ
திரும்பவும் எடுத்தா.
"பச்சை எண்டால் நல்லதோ, தம்பி?"

நிறத்துக்கு ஒரு கருத்தும் இல்லை, அக்கா.
பச்சை எண்டால்
நெஞ்சுப் பக்கம்.