ஐம்பது கிராம்

கொணவட்டம் ரேஷன் கடையில்
இருபத்திரண்டு வருஷம் எடையாளன் நான்.
சர்க்கரை, துவரை, புழுங்கல், பச்சரிசி
எதுவானாலும் கையில் ஏந்தினால் சொல்லிவிடுவேன்
எத்தனை கிராம் என்று.
கிலோவுக்கு ஐம்பது எப்போதும் குறையும்.
தட்டின் ஓரத்தில் என் வலது கட்டைவிரல்
சும்மா இளைப்பாறுவதுபோல் உட்கார்ந்திருக்கும்.

அந்த விரல்தான் முதலில் மரத்தது என்று சொன்னால்
கோயில் வாசலில் சொல்லும் கதை போலிருக்கும்.
அப்படியெல்லாம் இல்லை.
பங்குனி வெயிலில் பாமாயில் பாக்கெட் எண்ணும்போது
கையும் காலும் வாயில் பாதியும்
பேச்சு மொத்தமும்
ஒரே நேரத்தில் போயின.

இப்போது என்னை நிறுக்கிறார்கள்.
வாரம் ஒருமுறை, பாகாயம் ஆஸ்பத்திரியில்,
சக்கர நாற்காலியோடு இரும்பு மேடையில் ஏற்றி
நாற்காலியின் எடையைக் கழிக்கிறாள் ஜெசிந்தா,
சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிற பெண்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தாறரை. ஐம்பத்தைந்து எண்ணூறு.
"நடக்கணும்னா சதை வேணும்மா, சதைக்குப் புரதம் வேணும்.
டப்பா பவுடர் வேளைக்கு ரெண்டு கரண்டி,
தினம் மூணு வேளை, குடுக்கிறீங்கதானே?"
பூங்காவனம் தலையாட்டுகிறாள்.
இரண்டு கம்பிகளுக்கு நடுவே இம்ரான்
என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடி
"இன்னும் ஒரே அடி, மாமா" என்கிறான்.
முழங்கால் ஈரத்துணி மாதிரி மடங்குகிறது.

டப்பாவின் விலை எனக்குத் தெரியும்.
பேச முடியாதவன் முன்னால்
யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.
ஆறாயிரம் பீடி சுற்றினால் ஒரு டப்பா.

இரவு எட்டு மணிக்கு
அடுப்புமேடையில் முதுகைக் காட்டி நிற்கிறாள்.
மூடி திறக்கும் சத்தம்.
கரண்டி பவுடரில் இறங்கும் சத்தம்.
பிறகு டப்பா விளிம்பில் ஒரு தட்டல்,
மெல்ல, மழை விட்டபின் ஓட்டிலிருந்து
விழும் ஒற்றைச் சொட்டு போல.
கரண்டியில் பாதி உள்ளேயே திரும்பிப் போகிறது.
எனக்குத் தெரியாதா அந்தத் தட்டல்?
என் தொழில் அது.

புரை ஏறாமலிருக்கக் கூழ்ப்பதத்தில் கெட்டியாக்கி
இடது கடைவாயில் வைப்பாள்.
தாடையைத் தாழ்த்தி விழுங்கு, மறுபடி விழுங்கு.
நாக்கில் வெனிலா வாசனை,
அதற்கடியில் பொட்டுக்கடலை மாவின் நறநறப்பு.
எடுத்த இடத்தை எதைக் கொண்டோ நிரப்பப் பார்க்கிறாள்.
நான் நிரப்பியதில்லை.
சேண்பாக்கத்து மும்தாஜ்
வயிற்றுப் பிள்ளையோடு வரிசையில் நின்று
பையை விரித்துப் பிடித்தாள் ஒருநாள்.
அவளுக்கும் ஐம்பது.

போன வெள்ளிக்கிழமை
அந்தத் தட்டல் கேட்டதும்
வயிற்றிலிருந்தோ எங்கிருந்தோ ஏறி வந்தது.
ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்த வாய்
கோணிக்கொண்டு திறந்தது.
"கு... குறையுது."

கரண்டி கீழே விழுந்தது.
"இன்னாயா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."
"குறையுது."
அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.
அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்,
அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு,
ராத்திரித் தண்ணிக்குக் குடம் போட்டிருந்த குழாயடி.
"எங்க வூட்டுக்காரரு பேசிட்டாரு!
நோவு குறையுதாம்!
அவரு வாயாலயே சொல்லிகினு கீறாரு!"

சுவரோரம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
திருத்த வார்த்தை இல்லை என்னிடம்.
இருந்த ஒன்றையும் அவள் எடுத்துப் போய்
தெரு முழுக்கப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்,
நிறுக்காமல்.

அன்றிரவு கரண்டி கூம்பாக வந்தது.
காலையில் மறுபடியும் தட்டல்.

செவ்வாய்க்கிழமை மேடையில் ஏற்றினார்கள்.
ஐம்பத்தாறு நூறு.
ஜெசிந்தா இரண்டு முறை பார்த்து எழுதினாள்.
பவுடரா, பொட்டுக்கடலையா,
நடுவில் அவள் ரகசியமாய் உடைத்து ஊற்றும் முட்டையா,
எடையாளன் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கம்பியைப் பிடிக்க வைக்க
என் வலது கட்டைவிரலை நிமிர்த்துகிறான் இம்ரான்.
விட்டதும்
அது மெதுவாக உள்ளங்கைக்குள் போய்
ஒளிந்துகொள்கிறது.
"பரவால்ல மாமா" என்று மறுபடி
வெளியே எடுக்கிறான்.