இடைவேளை ஒரு விநாடி

ஹாகன் ரயிலடிக்குப் பின்னால் ஒரு திரையரங்கு.
மாதம் ஒருக்கால், வியாழன் இரவு, தமிழ்ப்படம்.
சீட்டு பதினாறு யூரோ:
ஹோட்டல் விரிப்பு மடிக்கிற என் கணக்கில்
ஒன்றேகால் மணித்தியாலம்.

ஒன்பது பேர் வந்திருந்தோம்.
இருநூறு கதிரை காலி.
ஆனாலும் சீட்டில் எழுதிய எண்ணிலேயே இருந்தோம்,
ஒரே வரிசையில், தோளோடு தோள் முட்ட.
முப்பது வருடத்தில் இந்த நாடு
எங்களுக்குப் படிப்பித்தது இதைத்தான்.

ஆட்களை எண்ணி முடிப்பதற்குள்
நாயகன் மூன்றாவது லாரியைக்
காலால் நிறுத்தியிருந்தான்.
முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
பால் திரிந்ததை அறிய
பானை முழுவதையும் குடிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இருந்தேன்.
அந்தச் சிரிப்பு நடிகர் ஒருதரமாவது சிரிப்பாட்டக்கூடும்.
நாயகியின் தகப்பனுக்குப் புத்தி வரக்கூடும்.
தட்டில் ஒரு பருக்கை விடாமல்
வழித்துப் பழகின கை,
திரையையும் வழித்துக்கொண்டிருந்தது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றேகால் மணித்தியாலம் ஏற்கெனவே போயாச்சு.
அதன் மேல் இன்னும் ஒன்றேமுக்காலை
மடித்து அடுக்கினால்
அடியில் கிடப்பது திரும்பி வருமா?
ஏழாம் வகுப்புக் கணக்கு.
விடை தெரிந்தும் எழும்பவில்லை.
எட்டுப் பேரின் முழங்கால்கள்
எனக்கும் வாசலுக்கும் நடுவில்.

சரி, இடைவேளையில் போவோம்.
அது மரியாதையான வாசல்.
தேத்தண்ணி குடிக்கப் போகிறவள் மாதிரிப் போய்
வராமல் விட்டால் ஒருவருக்கும் நோகாது.

நெருப்புக்கு நடுவே நாயகன் திரும்பிப் பார்த்தான்.
‘இடைவேளை’ என்று எழுத்து விழுந்தது.
கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு
விளக்குக்காகக் காத்திருந்தேன்.

ஒரு விநாடி.

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.
இங்கே இடைவேளைக்கு வேளையில்லை.
படம் ஓட்டுகிற ஜெர்மன் பெடியனுக்கு
அந்த நாலெழுத்து வெறும் கோலம்.

பாதி எழும்பி, பாதி இருந்து,
தோளில் பையோடு கால்மணி நேரம்.
அதற்குள் நாயகிக்கு
ஞாபகம் போய், ஞாபகம் வந்து,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புற விழுந்து அழுதாள்.
விரிப்பின் மூலை பிழையாகச் செருகியிருந்தது.
அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இழுத்து, நாற்பத்தைந்து பாகையில் மடித்து,
உள்ளே தள்ளவேண்டும்,
எத்தனைதரம் சொன்னாலும் புதுப் பிள்ளைகளுக்கு ஏறாது,
நாளைக்கு இரண்டாம் மாடியில்
பதினாலு அறை...

அப்போது விளங்கியது:
நான் எப்போதோ போய்விட்டேன்.
கதிரையில் இருப்பது
என் குளிர்ச்சட்டை மட்டும்.

மன்னியுங்கோ. மன்னியுங்கோ.
ஒவ்வொரு முழங்காலாகத் தாண்டினேன்.
இருட்டில் ஒரு குரல்
ஆசையோடு கேட்டது,
“முடிஞ்சுதோ?”

ஒன்பது நாற்பத்தெட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.
மேடையில் நீலப் பலகை சொன்னது:
நாற்பது நிமிடம் தாமதம்.
மழை.
இரும்பு வாங்கில் இருந்தேன், நனையாத ஓரத்தில்.

பத்து நிமிடத்தில்
பக்கத்துக் கதிரைக்காரர் வந்தார்,
மடியில் வைத்திருந்த கோட்டை
இப்போது போட்டிருந்தார்.
குலேந்திரனாம். இசர்லோனில் வீடாம்.
தண்டவாளத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தோம்.
என் வாய்தான் கேட்டது:
“அதுக்குப் பிறகு என்ன நடந்தது?”

“வில்லன்தான் அண்ணனாம்.”
“ஆருக்கு?”
“அது சொல்ல முதல் வந்திட்டன்.”
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்,
“நீங்கள் எப்ப எழும்புவியள் எண்டு
முதல் பாட்டிலயிருந்து பாத்துக்கொண்டிருந்தனான்.”

படிக்கட்டால் இன்னும் மூன்று பேர் ஏறி வந்தார்கள்,
பாப்கார்ன் பெட்டியோடு,
ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல.
வாங்கில் நெருங்கி இருந்து இடம் கொடுத்தோம்.

பலகையில்
நாற்பது ஐம்பதானது.
பிறகு எழுபது.

ஒருவரும் எழும்பவில்லை.